குறுக்குப் பாதையில் ஓடும் தங்கைக்கு

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் போன மாதமே வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சை நடந்ததால் பதில் பிந்திவிட்டது. "அக்கா, பதுளையில் ஓடுவதற்கு எங்கே இடம் இருக்கிறது?" என்று முதல் வரியில் கேட்டுவிட்டு, மீதி இரண்டு பக்கமும் உன்னால் ஏன் ஓட முடியவில்லை என்று எழுதியிருந்தாய். பள்ளியில் 3,000 மீட்டர் ஓட்டத்தில் வலய மட்டம் வரை போனாய். சாதாரண தரப் பரீட்சையோடு அது நின்றது. இப்போது டவுனில் கடை வேலை, காலையில் ஒரு பஸ், இருட்டியபிறகு ஒரு பஸ். ஒருநாள் விடியற்காலையில் பசறை ரோட்டில் ஓடிப் பார்த்திருக்கிறாய். சந்தியில் நின்றவர்கள், "என்ன தங்கச்சி, யாரு தொரத்துறாங்க?" என்று சிரித்திருக்கிறார்கள். அந்த வரியை எழுதி, வெட்டி, மறுபடியும் எழுதியிருந்தாய். அந்த வெட்டுக் கோட்டைப் பார்த்தபிறகுதான் இந்தப் பதிலை உனக்கு மட்டும் எழுதக்கூடாது, எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டும் என்று தோன்றியது. உன்னை அடையாளம் காட்டும் எதையும் இதில் எழுதவில்லை. அக்கா என்று கூப்பிட்டாய், அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

நான் பார்த்த முதல் ஓட்டக்காரி என் அம்மா. நமுனுகுலை மலையடிவாரத்தில் எங்கள் தோட்டம். பகல் கொழுந்து நிறுத்து முடிந்ததும் மற்றப் பெண்கள் லயத்தைப் பார்த்து நடப்பார்கள். அம்மா, பிள்ளைகளை விட்டுப்போகும் புள்ளக்காம்பராவைப் பார்த்து ஓடுவாள். தம்பி அப்போது கைக்குழந்தை. கொழுந்து மடுவத்திலிருந்து லொறி ரோட்டில் போனால் அரை மணி நேரம், குறுக்கில் இறங்கினால் பத்து நிமிஷம். இடுப்பில் கட்டிய படங்கை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, கான்களைத் தாண்டித் தாண்டி அவள் இறங்கி வருவதை நான் பணிய லயத்து வாசலில் இருந்து பார்ப்பேன். பால் கொடுத்துவிட்டு, ஒரு ரொட்டியைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, மறுபடியும் அதே குறுக்கில் மேலே ஏறுவாள். தம்பி நடக்கத் தொடங்கும்வரை வேலை நாள் எல்லாம் இப்படித்தான். அதை ஓட்டம் என்று யாரும் சொல்லவில்லை, அவளும் சொல்லவில்லை. உன் கடிதத்தில் சந்தியில் நின்றவர்களின் கேள்வியைப் படித்தபோது எனக்கு அவள் இறங்கி வரும் அந்தக் குறுக்குத்தான் கண்ணில் வந்தது.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில்: இடம் உன் லயத்து வாசலிலேயே தொடங்குகிறது. எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தோட்டத்தில் இரண்டு வகைப் பாதை உண்டு என்று உனக்குத் தெரியும். ஒன்று ரோடு. முதலில் மாட்டு வண்டிக்காகவும் பிறகு லொறிக்காகவும் வெட்டியது. பாரம் ஏற்றிய வண்டி ஏற வேண்டும் என்பதால் மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும், சரிவு மெதுவாக இருக்கும். மற்றது குறுக்கு. அதை யாரும் அளந்து வெட்டவில்லை. லயத்திலிருந்து பெரட்டுக் களத்துக்கு, அங்கிருந்து மலைக்கு, மலையிலிருந்து மடுவத்துக்கு என்று நூற்றைம்பது வருஷமாகக் கால்கள் மிதித்து மிதித்து உண்டானது அது. ஓட்டக்காரிக்கு இரண்டும் வேண்டும். நீண்ட நேரம் சீராக ஓட ரோடு. காலும் நெஞ்சும் பலப்பட, கிழமையில் ஒருநாள், குறுக்கு. வெளிநாட்டில் பயிற்சியாளர்கள் மலையோட்டத்துக்கு என்று தேடித் தேடிக் கண்டுபிடிக்கும் இரண்டு வகைச் சரிவும் உன் தோட்டத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு கிடக்கின்றன.

நம் ஆட்கள் இந்த மண்ணுக்கு வந்ததே காலால்தான். கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்கள் ஏராளம். கண்டிச் சீமையில் நிற்காமல் ஊவாவுக்கு வந்தவர்கள் இன்னும் நடந்தார்கள். ரயில் பதுளைக்கு வந்து சேர்ந்தது 1924இல்தான். அதற்கு முன் இங்கே இறங்கியவர்களுக்கு ரயில் கிடையாது. 2023இல், மலையகத்துக்கு 200 வருஷம் என்று, ஜூலை 28 தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்ட் 12 மாத்தளையில் முடியும்படி ஒரு நடைபயணம் போனார்களே, நினைவிருக்கிறதா? நான் அதில் ஒருநாள்தான் நடந்தேன். அன்று மாலை காலைத் தண்ணீரில் நனைத்தபடி உட்கார்ந்திருந்தபோது, பிள்ளையையும் சட்டியையும் சுமந்து இதே வழியில் வந்த பாட்டிமார் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன், அழுகை வந்துவிட்டது.

இப்போது அந்தப் பாதைகளில் சிலவற்றுக்கு ஒரு பெயர் வந்திருக்கிறது, பீக்கோ டிரெயில். கண்டி ஹந்தானையில் தொடங்கி, ஹட்டன் பக்கம் வந்து, ஹப்புத்தளை, எல்ல, தெமோதரை, ஹாலிஎல என்று நம் ஊவாவைச் சுற்றிவிட்டு நுவரெலியாவில் போய் முடிகிறது. 300 கிலோமீட்டருக்கு மேல், 22 கட்டங்கள். பெரும்பாலும் பழைய தோட்டத்து ரோடும் குறுக்கும்தான். பீக்கோ என்பது நம் தேயிலை ஸ்டோரில் சலித்தெடுக்கும் தூளின் பெயர். முதுகில் பையோடு வெள்ளைக்காரப் பிள்ளைகள் நம் லயத்தைத் தாண்டிப் போகிறார்கள், சிலர் ஓடிக்கொண்டும் போகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. நம் பாதையை உலகம் நடந்து பார்க்கட்டும். ஆனால் அவர்கள் போவதை வாசலில் நின்று பார்க்கிற பெண்ணாக மட்டும் நீ இருந்துவிடக்கூடாது. அவர்களைப் பார்த்து யாரும் யார் துரத்துகிறார்கள் என்று கேட்பதில்லை.

டவுனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நுவரெலியாவுக்கு 1873இல் கிரகரி வாவியும் 1897இல் விக்டோரியா பூங்காவும் கிடைத்தன. வெள்ளைக்காரர் ஓய்வெடுக்க வந்த ஊர் அது. பதுளை வேலை ஊர், கச்சேரியும் சந்தையும் ரயில் முடிகிற இடமும். அதனால் ஓடுவதற்கென்று ஒரு பெரிய பூங்காவை இங்கே தேடாதே. வின்சன்ட் டயஸ் மைதானம் இருக்கிறது. வேகத்தை அளந்து பழக அதுதான் இடம். கடைக்குப் போகும் முன் அரை மணி நேரம் சுற்றி ஓட முடிந்தால், கிழமையில் இரண்டு நாள் போதும். மேட்டில் எத்தனை வருஷம் ஓடினாலும் ஒரு சுற்றை ஒரே வேகத்தில் ஓடப் பழகுவது தட்டையான மண்ணில்தான்.

துன்ஹிந்தைக்கு எல்லோரும் போகச் சொல்வார்கள். மகியங்கனை ரோட்டில் 5 கிலோமீட்டர் போனால் வாசல், அங்கிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் காட்டுப்பாதை, முடிவில் 64 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர். அழகுதான். ஆனால் அந்தக் காட்டுப்பாதை ஓட்டத்துக்கு ஆகாது. கல் வழுக்கும், படி உண்டு, விடுமுறை நாளில் கூட்டம் வேறு. அங்கே நடந்து போ, வீட்டாரையும் கூட்டிப் போ.

எனக்குப் பிடித்த ஏற்றம் ஸ்பிரிங்வெளிப் பக்கம். பதுளை டவுன் ஏறக்குறைய 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நமுனுகுலை உச்சி 2,036 மீட்டர். ஒன்பது சிகரம் என்று பொருள்படும் பெயர். டவுனில் இருந்து பார்த்தால் எந்த வீதியின் முடிவிலும் அந்த மலைதான் நிற்கும். ஸ்பிரிங்வெளி ரோடு அதன் மடியில் ஏறுகிறது. உச்சிக்குப் போகச் சொல்லவில்லை. அது காட்டு வழி, துணையும் வழி தெரிந்தவரும் இல்லாமல் கூடாது. தேயிலைக்குள் போகும் ரோட்டில் இருபத்தைந்து நிமிஷம் மெதுவாக ஏறு, திரும்பி இறங்கு. முதல் மாதம் அவ்வளவுதான். தூரத்தைக் கணக்கு வைக்காதே, நேரத்தை வை. மலையில் ஒரு கிலோமீட்டர் என்பது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நீளம். ஏறும்போது பக்கத்தில் ஒருவர் வருவதாக நினைத்து ஒரு முழு வாக்கியம் பேசிப் பார். பேச முடியவில்லை என்றால் நட. நடப்பதில் வெட்கம் ஒன்றும் கிடையாது. மலையோட்டத்தில் பெரிய பெரிய வீரர்களும் செங்குத்தான இடத்தில் கையைத் தொடையில் ஊன்றி நடக்கத்தான் செய்கிறார்கள்.

இறக்கத்தில்தான் கவனம் வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்கும், அதோடு முடிந்தது. இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பின் பாரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது, மறுநாள் படியில் இறங்க முடியாமல் வலிப்பது அதனால்தான். சின்னச் சின்ன எட்டாக வை, குதிகாலைக் குத்தாதே, உடம்பைப் பின்னால் சாய்க்காதே. என் அம்மா குறுக்கில் இறங்கியது அப்படித்தான். பாதத்தை மண்ணில் வைத்த மாதிரியும் தெரியாது, எடுத்த மாதிரியும் தெரியாது.

அடுத்தது தெமோதரை. அங்கே ரயில் பாதை செய்யும் வேலையை நீ ஒருநாள் நின்று பார்க்க வேண்டும். எல்லவிலிருந்து வரும் ரயில் ஸ்டேஷனில் நின்று, புறப்பட்டு, குன்றை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கி, தான் நின்ற அதே ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கும் சுரங்கத்துக்குள் நுழைந்து பதுளைப் பக்கம் போகிறது. நேராக இறங்க முடியாத சரிவு அது, ரயிலுக்கு அவ்வளவு மேடு ஆகாது. இந்த யோசனை எப்படி வந்தது என்பதற்கு இங்கே ஒரு கதை சொல்வார்கள். வழி தெரியாமல் யோசித்துக்கொண்டிருந்த பொறியியலாளருக்கு முன்னால், தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டினாராம், அந்தச் சுற்றைப் பார்த்து வழி பிறந்ததாம். கதைதான். ஆனால் நம் ஆட்களின் தலைத்துணியை ரயில் பாதைக்குள் வைத்துச் சொன்ன அந்தக் கதையில் எனக்கு ஒரு பற்று உண்டு. பாரம் இழுக்கிற ரயிலே சுற்றி இறங்கும் மலையில் நீ எதற்கு நேராகப் போக வேண்டும்? ரோட்டில் போ, வளைவில் மூச்சைச் சமப்படுத்து, அடுத்த வளைவுக்குப் போ.

தெமோதரையில் இருந்து எல்லப் பக்கமாகத் தேயிலைக்குள் ரோடும் குறுக்கும் நிறைய உண்டு. வழியில்தான் ஒன்பது வளைவுப் பாலம், 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம், 1921இல் கட்டி முடித்தது, இரும்பு சேர்க்காமல் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் எழுப்பியது. ஒரு விஷயத்தை மட்டும் கையைப் பிடித்துச் சொல்கிறேன்: தண்டவாளத்தில் ஓடாதே. சிலிப்பர் கட்டைகளின் இடைவெளி உன் எட்டுக்குப் பொருந்தாது, கால் பிரளும். அதைவிடப் பெரிது, வளைவிலும் சுரங்கத்திலும் ரயில் வருவது கடைசி நிமிஷத்தில்தான் தெரியும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு போனால் அதுவும் தெரியாது. பாலத்தில் படம் எடுக்கிறவர்களைப் பார்த்து நீயும் ஏறிவிடாதே. பாலத்தைப் பக்கத்துத் தேயிலை மேட்டிலிருந்து பார்ப்பதுதான் அழகு.

எல்லவில் சின்ன சிவனொளிபாதமலை இருக்கிறது, 1,141 மீட்டர். தேயிலைக்குள் நல்ல பாதை, முடிவில் படி. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏழு மணிக்கு முன் முடித்துவிட வேண்டும், பிறகு சனம்.

ஹப்புத்தளைக்கு வருஷத்தில் ஒரு தடவையாவது போ. தம்பேதன்னத் தோட்டம். தோமஸ் லிப்டன் 1890இல் வாங்கியது, அவர் கட்டிய ஸ்டோர் இன்னும் நிற்கிறது. ஹப்புத்தளையில் இருந்து ஸ்டோர் வரை பஸ் போகும். அங்கிருந்து லிப்டன் சீட்டுக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர், முழுவதும் தேயிலைக்குள் வளைந்து வளைந்து ஏறும் சின்ன ரோடு, உச்சி 2,000 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. விடிந்ததும் தொடங்கிவிட வேண்டும். பத்து மணிக்கெல்லாம் பனிமூட்டம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். மேலே லிப்டன் உட்கார்ந்து தன் தோட்டத்தைப் பார்த்ததாகச் சொல்லும் இடத்தில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். நீ அந்த ஏழு கிலோமீட்டரிலும் கொழுந்துப் பையோடு எதிரே வரும் பெண்களைப் பார்த்து ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போ. அவர்கள் உன்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள். "பாத்து ஓடு புள்ள, அங்கிட்டு வழுக்கும்" என்பார்கள். நான் போனபோதெல்லாம் அப்படித்தான் சொன்னார்கள்.

அந்த ஹப்புத்தளையில் காற்று பதுளையை விட மெலிந்தது, டவுன் 1,431 மீட்டரில் இருக்கிறது. முதல் தடவை மூச்சு முட்டினால் பயப்படாதே. உயரத்தைப் பற்றிப் பேசும்போது கென்யாவின் கெரிச்சோவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம்மைப் போலவே தேயிலை ஊர், 2,000 மீட்டர் அளவு உயரம். கென்யாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கிக் கொடுத்த வில்சன் கிப்ருகுட் அந்தப் பக்கத்துப் பிள்ளைதான். 1964இல் டோக்கியோவில் 800 மீட்டரில் வெண்கலம். தேயிலை மலைக்கும் ஓட்டத்துக்கும் தூரம் அதிகமில்லை. நம் மலையகத்திலும் 10,000 மீட்டரில் தேசிய மட்டத்தில் வென்ற குமார் சண்முகேஸ்வரன் இருக்கிறார், நெடுந்தூர ஓட்டத்தில் தலவாக்கலைப் பக்கத்து வேலு கிருஷாந்தினி இருக்கிறார். அவர்கள் பெயரை உன் வீட்டில் சத்தமாகச் சொல்.

வீட்டில் பெண் பிள்ளை ஓடினால் உடம்புக்கு ஆகாது என்று பாட்டி சொல்வதாக எழுதியிருந்தாய். பாட்டியைக் கோபிக்காதே. உலகமே அப்படித்தான் நினைத்தது. 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களை 800 மீட்டர் ஓடவிட்டுவிட்டு, அவர்கள் களைத்துப்போனார்கள் என்று காரணம் சொல்லி, அந்த ஓட்டத்தை 1960 வரை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மரதன் 1984இல்தான் வந்தது, உன்னுடைய 3,000 மீட்டரும் அதே வருஷம்தான். 1928க்கும் 1960க்கும் இடையில் அந்த முப்பத்திரண்டு வருஷமும், பெண்ணுக்கு 800 மீட்டர் ஆகாது என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, உன் பாட்டியும் என் பாட்டியும் தலையில் கயிறு மாட்டிய கூடையோடு இந்த மலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். இதைப் பாட்டியிடம் சொல்லிப் பார். என் பாட்டி இருந்திருந்தால் சிரித்திருப்பாள்.

பாட்டி சொல்வதில் ஒரு பங்கு சரியாகவும் இருக்கலாம். உனக்கு அடிக்கடி தலை சுற்றுகிறது, படி ஏறினால் நெஞ்சு படபடக்கிறது என்று எழுதியிருந்தாயே, ஓட்டத்தைத் தொடங்கும் முன் ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்துப் பார். தோட்டத்துப் பெண்களிடம் இரத்தக் குறைவு சாதாரணம். அதற்கு ஒரு காரணம் நம் கையிலேயே இருக்கிறது. சோற்றோடும் ரொட்டியோடும் சாயத்தண்ணி குடிக்கிறோம். தேயிலையில் இருக்கும் சாயச்சத்து, கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். தேத்தண்ணியை விடச் சொல்ல எனக்கு மனம் வராது, நாம் பறித்த கொழுந்து. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடி. முருங்கைக்கீரைக்கு எலுமிச்சம்புளி பிழிந்துகொள், கிடைக்கிற நாளில் கருவாடும் முட்டையும் சேர்த்துக்கொள். மாதவிலக்கு நாட்களில் களைப்பாக இருந்தால் அன்று நட, போதும்.

காலத்தைப் பற்றி. ஊவாவின் நல்ல காலம் கச்சான் காலம். ஜூலை தொடங்கி செப்டம்பர் வரை காய்ந்த காற்று மலையைத் தாண்டி இறங்கி வீசும்போதுதான் நம் தேயிலைக்கு உலகம் விலை கொடுக்கும் அந்த மணம் ஏறுகிறது. ஓடுவதற்கும் அதுதான் காலம், தரை காய்ந்து கிடக்கும். ஒன்று மட்டும்: கச்சான் வியர்வையை உடனுக்குடன் காயவைத்துவிடும். வியர்க்கவே இல்லை என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் விட்டுவிடுவாய். தாகம் எடுக்கும் முன் குடி.

குளவியைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை, அதில் எத்தனை வீட்டை இழந்திருக்கிறோம். ஆனாலும் ஓடுகிறவள் என்பதால் சொல்கிறேன். எந்த டர்பன்டைன் மரத்தில் கூடு இருக்கிறது என்று கொழுந்தெடுக்கும் பெண்களுக்குத் தெரியும், கேட்டுவிட்டுப் போ. வாசனை பூசாதே. கலைந்துவிட்டால் கையை வீசாதே, முகத்தை மூடிக்கொண்டு அந்த இடத்தை விட்டு ஓடு. மருந்து அடிக்கிற மலைக்குள் அன்று போகாதே.

ஒக்டோபருக்குப் பிறகு வேறு கணக்கு. வாடைக்காற்று மழை ஊவாவின் மேல்தான் கொட்டும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. அந்த நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, சிலருக்கு வீட்டில் இருந்தவர்களும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் மறுபடியும் பதுளை மாவட்டத்தில் பல இடங்களில் மண் சரிந்து உயிர்கள் போயின. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடும். எந்த நிறமாக இருந்தாலும் அன்று ஓட்டம் வேண்டாம். தினமும் அதே பாதையில் ஓடுகிறவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ரோட்டில் புதிதாக ஒரு வெடிப்பு, நேற்று வரை தெளிவாக வந்த ஊற்று இன்று கலங்கி வருவது, நேராக நின்ற மரம் சாய்ந்திருப்பது, இவற்றை முதலில் பார்க்கப்போவது நீதான். பார்த்ததும் கிராம சேவகரிடமும் தோட்டத்துரையிடமும் சொல். சொன்னதற்குச் சாட்சியாக இன்னொருவரையும் கூட்டிப் போ.

மைதானம் கேட்டிருந்தாய். தோட்டத்துக் கிரவுண்ட் எதுவும் நூறு மீட்டர் நேராக ஓடும் அளவுக்கு இல்லை, அதுவும் ஞாயிற்றுக்கிழமை பையன்களின் கிரிக்கெட்டுக்குத்தான் என்கிறாய். உண்மை. நிலம் அரசினுடையது, 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகளிடம். அதனால் யாரைக் கேட்பது என்றே நம் ஆட்களுக்குத் தெரியாமல் இருந்தது. பிரதேச சபையைக் கேட்டால், தோட்டத்துக்குள் செலவு செய்யச் சட்டம் இடம் தராது என்று சொல்லி அனுப்புவார்கள். 2018இல் அந்தச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். இப்போது பிரதேச சபை தோட்டத்துக்குள்ளும் ரோடு போடலாம், மக்களுக்கு வேண்டியதைச் செய்யலாம். இதைத் தெரிந்துகொண்டு கேட்கிறவர்கள் குறைவு. உன் தோட்டத்துப் பெண் பிள்ளைகள் பத்துப் பேர் கையெழுத்து வைத்து, கிரவுண்டை நீட்டி வெட்டித் தரும்படியும், கிழமையில் இரண்டு மாலை பெண்களுக்கென்று விடும்படியும் ஒரு கடிதம் எழுதுங்கள். எழுத உதவி வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். தமிழிலேயே எழுதலாம், அது உங்கள் உரிமை.

சந்தியில் நிற்பவர்களுக்கு என்ன செய்வது? தனியாக ஓடாதே என்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. இரண்டு பேர் ஓடினால் சிரிப்பு பாதியாகும், நான்கு பேர் ஓடினால் வழி விடுவார்கள். நான் பதினான்கு வயதில் பள்ளிக்கூட மரதனில் ஓடியபோது என்னோடு பெண்கள் மூன்று பேர்தான். கல்லு ரோட்டில் நால்வரும் வெறுங்காலோடு ஓடினோம். கடைசி மேட்டில் என் பெருவிரல் நகம் பெயர்ந்துவிட்டது. நான் மூன்றாவதாக வந்தேன். பரிசாக ஒரு கண்ணாடிக் குவளை கொடுத்தார்கள், எல்லோரும் கை தட்டினார்கள், காலை யாரும் பார்க்கவில்லை. இரவில் அம்மாதான் மஞ்சள் பத்துப் போட்டாள். "அடுத்த வருஷம் சப்பாத்து வாங்கித் தாரேன்" என்றாள். அடுத்த வருஷம் சம்பளம் அதற்குப் போதவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த வரிகளை எழுதும்போது அந்த மஞ்சள் வாசம் வருகிறது.

இங்கே நாங்கள் ஐந்து பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடுகிறோம். என்னைத் தவிர இரண்டு பேர் ஆசிரியைகள், ஒருவர் தாதி, ஒருவர் கொழுந்தெடுக்கிறவர், கைக்காசு வேலை இல்லாத ஞாயிறுகளில் வருவார். வேகமாக ஓடுகிறவர் அவர்தான். அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு காலை ஆறு மணிக்குத் தெமோதரை ஸ்டேஷனுக்கு முன்னால் நிற்போம். படிக்கிற மற்றப் பிள்ளைகளும் வரலாம், அம்மாவைக் கூட்டிக்கொண்டும் வரலாம், மெதுவாக வருகிறவர்களுக்காக நின்று கூட்டிப் போவோம். ஒரு போத்தல் தண்ணீர், மாற்றுச் சட்டை, அட்டைக்கு ஒரு துண்டுச் சவர்க்காரமும் கொஞ்சம் உப்பும் கொண்டு வா. ரொட்டியும் கட்டைச் சம்பலும் நான் கொண்டு வருகிறேன்.

பதில் எழுதும்போது உன் கால் அளவையும் எழுது. என்னிடம் 37ஆம் இலக்கத்தில் ஒரு சோடி இருக்கிறது, என் மகள் ஒரு வருஷம் போட்டது, அடி இன்னும் தேயவில்லை. அளவு சரியில்லை என்றால் தாதிப் பிள்ளையிடம் 38 இருக்கிறது.

அன்புடன்,
அக்கா
பதுளை